புத்தகத்தில் பார்த்துச் சொன்னது

புது ஃபால்ஸ் துணிக்குக் கஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு வாடை உண்டு. தண்ணீரில் நனைத்து, உதறி, மாம்பலத்து ஒண்டுக்குடித்தன வீட்டின் மாடிக் கொடியில் அம்மா அதை நீள நீளமாகக் காயப்போடும்போது அந்த வாடை எங்கள் பள்ளிச் சீருடைகளிலும் ஏறிவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு விற்பனையாளராக வந்தவர் அப்பா. அம்மா வீட்டிலிருந்தபடியே சேலைகளின் கீழ் ஓரத்தில் உள்பக்கமாக ஃபால்ஸ் வைத்துத் தைத்தாள். ஓரம் அடிக்க மட்டும் மூன்று தெரு தள்ளி ஒருவரிடம் சுமந்துகொண்டு போக வேண்டும். கூலியில் பாதி அங்கேயே போய்விடும். சொந்தமாக ஓரம் அடிக்கும் ‘பீக்கோ மிஷின்’ ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாமல் ஆறு வருடமாகச் சேர்த்துவந்தாள். பணம் ஃபால்ஸ் துணிச் சுருள் ஒன்றின் நடுவில் இருந்தது. ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், முப்பத்தெட்டு.

ஐந்நூறும் ஆயிரமும் இனிச் செல்லாது என்று தொலைக்காட்சியில் சொன்னபோது நான் ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா சுருளை என் முன்னால் பிரித்தாள்.

“இது இனிமே காசு இல்லையாட்டி? நேத்து வரைக்கும் இருந்துச்சே. நீதான படிக்க, புஸ்தகத்துல பாத்துச் சொல்லு.”

அம்மாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. வீட்டில் இருந்த ஒரே கணக்கு அப்பாவுடையது. அதில் போட்டால் பணம் அத்தையின் கல்யாணச் செலவுக்குப் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வங்கி வாசலில் நின்று மாற்றலாம்தான். ஆனால் தெருவை வளைத்து நின்ற அந்த வரிசைகளில் அப்பாவின் கடை ஆட்கள் யாராவது நிச்சயம் இருப்பார்கள்.

நான் தேட ஆரம்பித்தேன். நோட்டை யார் அச்சடிக்கிறார்கள், எவ்வளவு அச்சடிக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், அடித்ததை இல்லை என்று சொல்ல யாருக்கு உரிமை என்று கேட்டபோது சமூக அறிவியல் டீச்சர், “அதெல்லாம் பிளஸ் ஒன்ல வரும், இப்ப மேப் வேலையை முடி” என்றார். எங்கள் பகுதி நூலகத்தில், நோட்டை வெளியிடும் மைய வங்கியைப் பற்றித் தமிழில் இருந்தவை எல்லாமே போட்டித் தேர்வு வழிகாட்டிகள். மைய வங்கியின் பணிகள் எத்தனை, பண அளிப்பின் வகைகள் எத்தனை என்று எண்ணிக்கை போட்டு அடுக்கியிருந்தன. எப்படி, ஏன் என்ற ஒரு வரி எதிலும் இல்லை. கடைசியில், அட்டை கழன்ற ஒரு வழிகாட்டியில் அது கிடைத்தது: ரூபாய்த் தாள் என்பது மைய வங்கி தரும் உறுதிமொழி, கொண்டுவருபவருக்கு அந்தத் தொகையை எப்போதும் தர அது கடமைப்பட்டது. நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். அதே வாக்குறுதி ஆங்கிலத்தில், கையெழுத்தோடு இருந்தது. தமிழில் தொகை மட்டும்தான் இருந்தது. அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

“எப்ப போனாலும் குடுத்துதான் ஆகணும்மா. கையெழுத்துப் போட்டிருக்காங்க” என்றேன்.

பக்கத்துப் போர்ஷன் ஜரினா அக்கா, ஜாக்கெட்டுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்பவர், அம்மாவின் சேமிப்பு தெரிந்தவர், இரண்டு முறை வந்து கேட்டார். “இன்னாமா நீ, டிசம்பரோட சரின்னு பேப்பர்ல போட்டுக்கிறான். குடு, என் கணக்குல போட்டு அப்பால எடுத்துத் தரேன். நான் எங்க ஓடிப்போறேன்?”

அம்மா பெருமையாகச் சொன்னாள்: “அவசரமில்லக்கா. எம் மவ புஸ்தகத்துல பாத்துட்டா.”

பொங்கல் கழிந்து, கூட்டம் குறைந்திருக்கும் என்று, அம்மாவும் நானும் கடற்கரை ரயிலடியில் இறங்கி மைய வங்கியின் பெரிய கட்டடத்துக்குப் போனோம். வாசல் காவலர் மரியாதையாகத்தான் பேசினார்.

“வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு மட்டும்தாம்மா இப்ப. பாஸ்போர்ட் வெச்சிருக்கீங்களா?”

“மாம்பலத்துல இருந்து வாரோம்யா” என்றாள் அம்மா.

நான் நோட்டை நீட்டி வாக்குறுதியைப் படித்துக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. “எழுதினவங்க மேல இருக்காங்க பாப்பா. நான் கேட்ல நிக்கிறேன்.”

திரும்பும் ரயிலில் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் முப்பத்தெட்டுத் தாள்களையும் ஃபால்ஸ் துணி வெட்டுவது போலவே நேராக, பட்டை பட்டையாகக் கத்தரித்து, வெட்டுத் துணியோடு சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டாள். விஷயம் தெரிந்தபோது அப்பா சிரித்தார். “எங்கிட்ட தந்திருந்தா பேங்க்ல போட்டிருப்பேம்லா?” என்றார். ஆமாம், போட்டிருப்பார்.

கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தேன். அந்த வாக்குறுதிக்கு, ஒரு தாளுக்குப் பதில் வேறு தாள் தருவோம் என்பதற்கு மேல் பொருளில்லை என்பதும், அரசின் ஒரே அறிவிப்பில் அதுவும் போய்விடும் என்பதும், நாட்டில் புழங்கும் பணத்தில் பெரும்பகுதி வங்கிகள் கடன் கொடுக்கும்போது கணக்கில் எழுதப்படும் எண்தான் என்பதும் அங்கேதான் புரிந்தது. விளக்கமெல்லாம் இருந்தது, மைய வங்கியே இணையத்தில் வெளியிட்டிருந்தது, பேராசிரியர்களின் நல்ல உரைகளும் கிடைத்தன. எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் இலவசமாக. ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்தேன். அம்மாவிடம் படித்துக் காட்ட ஒன்றும் இல்லை.

இப்போது நாங்கள் ஆதம்பாக்கத்தில் இருக்கிறோம். ஒண்டுக்குடித்தன வீட்டை இடித்துவிட்டார்கள். ஜரினா அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது, தைப்பதில்லை. காய்கறிக்காரரின் கியூஆர் அட்டையைத் தன் கைப்பேசியால் அவளே ஸ்கேன் செய்து காசு அனுப்புகிறாள். போன வாரம் கீரை வாங்கிவிட்டுப் படியேறும்போது, “இந்தக் காசு எங்க இருக்கு, எப்படிப் போகுது?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். எத்தனையோ வருடம் கழித்து அப்படி ஒரு கேள்வி. நான் ஆவலோடு ஆரம்பித்தேன். எல்லாம் தெரியும் எனக்கு, எளிய தமிழில் சொல்ல முடியும்.

அம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். “வேண்டாம்ட்டி” என்றாள், கோபமே இல்லாமல். “நீ சொன்னா நான் நம்பிருவேன்.”