தாய்வழி எழுதாத தாள்

செய்யத் தகாததைச் செய்யவிடாமல் காக்கும் நாண் ஒன்று உண்டு. செய்துவிட்டபின் உள்ளிருந்து சுட்டுத் திருத்தும் நாணும் உண்டு. முன்னதைப் போற்றுவோர் பலர். பின்னதையே அணியாகப் பூண்டு வாழ்பவராக நான் அறிந்தவர் ராமுத்தாய். சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து கிள்ளியவர், எழுத்தறியாதவர். அவருடைய நாணத்தை எழுதப் புகும்போது என்னுடையதையும் எழுத வேண்டியிருக்கிறது. அவர் பிழையில் பாதி, அத்தோட்டத்து டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருக்கும் என் கையால் எழுதப்பட்டது.

சங்கரன்கோவிலுக்கு அருகே ஒரு கரிசல் ஊரிலிருந்து பதினாறு வயதில் சுடலைக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறியவர் அவர். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு கூடையிலும் கைவிட்டுத் துழாவுவார். அடியில் முற்றிய இலையை ஒளித்து எடை கூட்டுவது பலருக்கும் வழக்கம். ராமுத்தாயின் கூடையை மட்டும் அவர் தொடாமலே நிறுப்பார். மக்கள் இருவர்: தேயிலை பேக்டரியில் வேலை பார்த்த பெரியமுத்து, அவனுக்கு ஏழு வயது இளையவளான முத்துப்பேச்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, இருபத்தாறு வயதுப் பெரியமுத்துக்கு மலத்தோடு இரத்தம் போயிற்று. மூலம் என்று சொல்லிச் சொல்லி ஐந்து மாதம் மறைத்துவிட்டான். கீழ்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்த மருத்துவர், எங்கள் தோட்டத்து டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். குடலின் உட்சுவர் முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு முளைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று புற்றாகிவிட்டது. இது பிறப்பிலேயே வரும் நோய் வகை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வரும். இருவர் வழியிலும் யார் யார் எவ்வாறு இறந்தார் என்று கேட்டு எழுதுக. சான்று இருந்தால், நோய்க்குறி தோன்றும் முன்பே உடன்பிறந்தவளைச் சோதிக்க வேண்டும். கடிதத்தின் சாரம் இதுவே.

டாக்டர் மலையாளி, புதிதாக வந்தவர். தமிழில் இத்தனை உறவுகளை விசாரிக்க இயலாது என்று என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு என்று காட்டினார். அவர் மொழியை நான் அறிவேன். இருவர் வழியும் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

ஆயினும் சுடலையைப் பெஞ்சில் அமர்த்தி நான் கேட்டது, "பங்காளி வரிசையைச் சொல்லுங்க" என்பதுதான். ஒரே குலதெய்வத்தைக் கும்பிட்டு ஒரே தீட்டைக் காப்பவரே ஒரு வம்சம் என்பது எங்களவர் கணக்கு. வாழ்க்கைப்பட்ட பெண் பிறந்த வீட்டைவிட்டுப் புகுந்த வீட்டைச் சேர்ந்துவிடுகிறாள். தந்தை இறந்தாலும் அவளுக்கு மூன்று நாள் தீட்டு, அவ்வளவே. தீட்டுக்குரிய கணக்கை நோய்க்கும் உரியதாக நான் எடுத்துக்கொண்டேன். பழைய நூல்களை இரவல் வாங்கிப் படித்துத் தேறியவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. அந்தப் படிப்பு அன்று உதவவில்லை.

சுடலை உற்சாகமாகச் சொன்னார். தகப்பன் எழுபத்தெட்டு, பெரியப்பன் எண்பது. "எங்க வம்சத்துல நோயில செத்தவன் கிடையாது. கம்பெடுத்து அடிச்சாத்தான் சாவான்" என்றார். சிரித்துக்கொண்டே வரைந்தேன். ராமுத்தாயின் வட்டத்துக்கு மேலே தாள் வெறுமையாக இருந்தது. அவர் அருகில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா, தம்பி?"

"அவ்வளவுதான், அக்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்டர் தாளைப் பார்த்து, வெறுமையான பாதியில் எழுத ஒன்றுமில்லை என்று கொண்டு, உறவினர் எவருக்கும் இந்நோய் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். முத்துப்பேச்சியைச் சோதிப்பது அவசரமில்லை என்றாயிற்று. அவளும் குடலுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் அந்தச் சோதனைக்கு நாணி, வரமாட்டேன் என்று அழுதிருந்தாள்.

சில வாரத்தில் மறையூரிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன், கரும்பு ஆட்டிச் சர்க்கரை காய்ச்சும் சங்கையா, தம் வீட்டாரோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் மனம் ஒப்பும்வரை பெண் வீட்டில் உண்டு கை நனைப்பதில்லை. இலை போட்டபின்னும் சங்கையா உட்காரவில்லை. அண்ணனுக்கு வந்த நோய் இந்த வீட்டு நோயா என்று கேட்டார். ராமுத்தாய் தகரப்பெட்டியைத் திறந்து டாக்டரின் சீட்டை எடுத்துக் காட்டினார். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் அவர்கள் கை நனைத்தார்கள்.

பங்குனியில் பெரியமுத்து இறந்தான். தாய்மாமன் கோடித்துணி கொண்டுவர வேண்டும். ராமுத்தாயின் இளைய அண்ணன் குருசாமி வரவில்லை. ஒன்பதாம் நாள் கடிதம்தான் வந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லி டிஸ்பென்சரிக்கு எடுத்து வந்தார். "மருமகன் காரியத்துக்கு வர முடியாமல் படுத்துக் கிடக்கிறேன், தங்கச்சி. நம்ம அப்பாவுக்கும் பெரியண்ணனுக்கும் வந்த அதே இரத்தப்போக்கு" என்று எழுதியிருந்தது. அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை.

"உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமா, அக்கா?"

"தெரியும். நீங்க கேக்கல, தம்பி. கேக்கலையேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்." கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டே, "பொட்டப்பிள்ளைக்கு இந்தப் பேரு வந்திரக் கூடாதுன்னு பாத்தேன். இப்ப பிள்ளையவே பறிகுடுத்திருவேன் போலிருக்கு" என்றார்.

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. தாளைத் திருத்தினால் என் பிழை டாக்டருக்குத் தெரிந்துவிடும். ஆகவே, "கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "முடிஞ்சிட்டா அவ அவுக வீட்டுப் பிள்ளைல்லா. அங்க வச்சு யாரு கொண்டுபோய்க் காட்டுவா? தாள எடுங்க. சொல்லுதேன்."

புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். தந்தை சின்னையன், இறந்தது நாற்பத்திரண்டு வயதில். மூத்த அண்ணன், முப்பத்தெட்டு. தந்தையின் தங்கை மருதாத்தாள், பிள்ளை பெறுமுன்பே. ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள்ளேயே சொன்னார், நான் இருமுறை கேட்டு எழுதினேன். முதல் தாளில் வெறுமையாக விட்ட பாதி இதில் நிறைந்தது. அவரும் தம் தந்தைவழியில் அந்நோயை ஏற்றவராக இருக்கலாம் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை அவர் முன்பே எண்ணியிருந்தார்.

மறையூருக்குச் சொல்லியனுப்பலாம் என்றார் சுடலை. தாம் வர மறுத்துவிட்டார். மறுநாள் ராமுத்தாய் தாமே பஸ் ஏறினார். உடன் சென்றேன். சங்கையா கரும்பாலையில் பாகு கொதிக்கும் கொப்பரைக்கு அருகே நின்றிருந்தார். ராமுத்தாய் சொல்லி முடிக்கும்வரை துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

"அன்னைக்குச் சீட்டைக் காட்டினது யாரு? நீதானா, இல்ல வேற ஆளா?"

"நான்தான், அண்ணாச்சி."

"கூடையில முத்தின இலை போடாதவள்னு மலை பூரா பேசுறாக."

"பிள்ளை விசயத்துல போட்டுட்டேன்."

தாளில் பாதியை விட்டவன் நான் என்று இடையில் சொன்னேன். "படிச்சவுகளை நான் கேக்கல" என்று சொல்லி அவர் கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களுக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. அதில் குறைகாண எங்களுக்கு உரிமை இல்லை. திருமணம் நின்றது.

இரு தாளையும் டாக்டரின் மேசைமேல் வைத்தேன். அவர் என்னைக் கடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக ஒட்டிக் கோப்பில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணை எப்போது அழைத்துப்போவது என்று மட்டும் கேட்டார். முத்துப்பேச்சியின் குடலிலும் முளைகள் இருந்தன, ஒன்றும் புற்றாகவில்லை. ஆடி மழைக்குள் பெருங்குடலின் பெரும்பகுதியை நீக்கினார்கள். பிழைத்தாள். ராமுத்தாயின் குடலிலும் முளைகள் இருந்தன; அவருக்கும் அதே சிகிச்சை நடந்தது. குருசாமியின் பிள்ளைகளைக் காட்டச் சொல்லிக் கடிதம் போட்டோம். குருசாமி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் தாயிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணன் சின்னப்பிள்ளையா இருக்கையிலயே உனக்குத் தெரியும்லா?"

தெரியும் என்று தலையசைத்தார் ராமுத்தாய். இது இப்படித் தொடரும் நோய் என்று, மகன் சிறுவனாக இருந்த அந்நாளில் எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அந்தச் சமாதானத்தை அவர் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த என்னையும் கையமர்த்திவிட்டார். அதன்பின் பல மாதம் தாயும் மகளும் தேவைக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். சிலர் நோய்க்கு அஞ்சி, சிலர் பொய்க்கு. மாரியம்மன் கோயிலில் முன்வரிசையில் நின்ற ராமுத்தாய் இன்று வாசற்படிக்கு வெளியிலேயே நின்று கும்பிடுகிறார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை.

டிஸ்பென்சரிக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இப்போது தாயின் பிறந்த வீட்டைப் பற்றி நான் முதலில் கேட்கிறேன். வியப்போடு பதில் சொல்வார்கள். ஏன் கேட்கிறேன் என்று இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

உயிர்க்கெல்லாம் தாயும் தந்தையுமாக நிற்கும் பெருமானே, அவ்வீட்டைக் காத்தருள்க. முத்துப்பேச்சி தலைநரைக்க வாழ்க. சுடலையின் சிரிப்பு மீள்க. குருசாமியின் மக்கள் நோயறியாது நிற்க. அவ்வீட்டில் அடுப்பும் விளக்கும் அணையாதிருக்க; தாயும் மகளும் ஒரு பாயில் அமர்ந்து, அச்சமின்றி உண்டு, பேசி, நெடுநாள் வாழ்க.