தேசிமரத்தடியில் எடுத்த ஓடம்

மூன்று வருடம் நான் பார்த்த வேலை என்னவென்று கேட்டவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லி விளங்கப்படுத்த என்னால் முடிந்ததே இல்லை. தீவுப்பகுதிச் சனங்கள் தங்கள் வீட்டு வளவிலும் வயலிலும் கடற்கரையிலும் கண்டெடுக்கிற சின்னச் சின்ன உலோகப் பொருட்களைப் பதிவு செய்வதுதான் வேலை. அரசர் காலத்துக் காசு, ஒல்லாந்தர் காலத்துக் காசு என்றால் அதற்கென்று படித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பிந்தியது என்று தள்ளிவிடுபவைதான் என் மேசைக்கு வரும். சைக்கிள் மணியின் மூடி, பள்ளிக்கூடச் சின்னம், மாதா உருவம் தேய்ந்துபோன மெடல், திறப்பில்லாத பூட்டு, பூட்டில்லாத திறப்பு. அவற்றை நிறுத்து, அளந்து, படம் எடுத்து, எங்கே எப்படிக் கிடைத்தது என்று படிவத்தில் எழுதிவிட்டு, கொண்டுவந்தவரிடமே கொடுத்துவிடுவேன். நாங்கள் எதையும் வைத்துக்கொள்வதில்லை.

சனிக்கிழமைகளில் வேலணைப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் எனக்கு ஒரு மேசையும் கதிரையும் தந்திருந்தார்கள். வாசிகசாலைக்குப் பொறுப்பாக இருந்த அண்ணைக்கு அறுபது தாண்டியிருக்கும். இளம் வயதில் தெற்கே காலி நகரில் தன் மாமனின் துணிக்கடையில் நின்றவர். நான் முன்பு தொண்டர் ஆசிரியையாக இருந்ததால் என்னை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார். வாசலில் நான் ஒட்டியிருந்த அறிவித்தலை எழுதியதும் அவர்தான்: வெடிபொருள் என்று சந்தேகம் வந்தால் தொட வேண்டாம், இங்கே கொண்டுவரவும் வேண்டாம், அறிவியுங்கள்.

அந்த அறிவித்தலைத் தாண்டிக்கொண்டுதான் அந்த அக்கா ஒருநாள் காலையில் உள்ளே வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். இரண்டு கையாலும் ஒரு ஐஸ்கிறீம் பெட்டியைப் பிடித்திருந்தார். பெட்டி நிறைய மணல்.

"தங்கச்சி, நீர்தானே உதுகளைப் பதியிறது?"

"ஓம் அக்கா. இருங்கோ."

அவர் இருக்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்தார். அதை வைத்த மெதுவிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"மண்ணுக்குள்ள இருந்தா ஒண்டும் செய்யாதாம். ஆட்டினாத்தான் கூடாதாம்," என்றார்.

மணலின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு ஏதோ தெரிந்தது. ஒரு நுனி கூர். துருப்பிடித்துக் கறுத்திருந்தது.

"இதை எங்கையிருந்து கொண்டுவாறீங்கள்?"

"வீட்டிலயிருந்து. பஸ்ஸில மடியில வச்சுக்கொண்டு வந்தனான்."

பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னேன். அந்த அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானும் முற்றத்துக்குப் போனேன். பொலிசுக்கு எடுக்க போனைக் கையில் எடுத்ததும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் தங்கச்சி. நாலு மாசம் கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தனான். அறிவிச்சா வளவு முழுக்கக் கயிறு கட்டிப்போடுவினம். பேந்து எப்ப விடுவினமோ ஆருக்குத் தெரியும்? இருவது வருசம் ஆற்றையோ வீடுகளில இருந்திட்டு இப்பதான் சொந்தமா ஒரு காணியில இருக்கிறம்."

அவர் மண்டைதீவில் பிறந்தவர். இடம்பெயர்ந்து எங்கெல்லாமோ இருந்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு முதல்தான் வேலணையில் வெளிநாடு போய்விட்ட ஒருவரின் பழைய வளவை, காணி உறுதி எழுதி வாங்கியிருந்தார். மரவள்ளி நட மண்ணைக் கொத்தும்போது தேசி என்கிற எலுமிச்சை மரத்தின் கீழ் இது மண்வெட்டியில் தட்டுப்பட்டிருக்கிறது. வெடிக்காத துப்பாக்கிச் சன்னம் என்ற பயத்தில் அதன்பிறகு அந்த வளவில் அவர் ஒரு பிடி மண் கொத்தவில்லை.

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், வாசிகசாலை அண்ணை வெளியே வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசைக்கு மேல் குனிந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, வெளியில வாங்கோ!" என்று கத்தினேன்.

"பொறுங்கோ ரீச்சர். சன்னத்துக்கு வயித்தில வாய் இருக்குமே?"

"என்ன?"

"வயித்தில ஒரு வாய் இருக்கு. பக்கத்தில ஒரு மெல்லிய தகடும் கிடக்கு." சொல்லிக்கொண்டே அதை மணலிலிருந்து எடுத்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இது ஓடமெல்லே! பழைய தையல் மெசின்ர ஓடம். இதின்ர வயித்துக்குள்ள நூல்கட்டை இருக்கும். ஊசி மேலயும் கீழயும் போக, இது அடியில முன்னுக்கும் பின்னுக்கும் ஓடி நூலைக் கோத்துக்கொண்டு வரும். காலிக் கடையில தைக்கிறவைக்கு இதில நான் எத்தினை ஆயிரம் தரம் நூல் போட்டுக் குடுத்திருப்பன்."

அந்த அக்கா வாசல்படியில் அப்படியே இருந்துவிட்டார். பிறகு ஏதோ தன்னோடு தானே கதைப்பதுபோல, "மெசின்ர கால் எங்கட கிணத்தடியிலதான் கிடக்கு. அதுக்கு மேல கல்லை வச்சுத்தான் நான் உடுப்புத் தோய்க்கிறனான்," என்றார்.

அண்ணை பக்கத்துக் கடையில் தேத்தண்ணி வாங்கி வந்தார். வெளியே போனவர்கள் திரும்ப வந்து ஓடத்தைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிரிப்பிலேயே நான் படிவத்தை நிரப்பினேன். "சுத்திவர தகரம் மாதிரி உக்கிக் கிடந்தது, ஒரு துணித்துண்டும் இருந்தது" என்று அக்கா சொன்னது காதில் விழுந்தது. எழுதவில்லை. பொருள் அங்கே வந்த விதம் என்ற இடத்தில் எங்கள் படிவத்தில் மூன்று கட்டங்கள் அச்சாகியிருக்கும்: தொலைந்தது, எறியப்பட்டது, தெரியாது. தொலைந்தது என்பதில் அடையாளம் போட்டேன். வழக்கமாக அதில்தான் போடுவேன்.

போகும்போது அக்கா, "என்ர பேரை ஒரு இடத்திலயும் போடாதையும்," என்றார். போடமாட்டேன் என்றேன்.

பெயரைப் போடவில்லைதான். ஆனால் அன்று பின்னேரம், அந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஓடத்தின் படத்தைப் போட்டு, இது என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டேன். கிணற்றடியில் மெசின் கால் இன்னும் இருக்கிற ஒரு வளவில் எடுத்தது என்றும் எழுதினேன். அது ஒரு நல்ல விவரம் என்று எனக்குப் பட்டது.

இரண்டாம் நாள் ஒரு குரல்பதிவு வந்தது. வயதான பெண்ணின் குரல். ஒரே ஒரு கேள்விதான்.

"பிள்ளை, அது தேசிமரத்தடியில எடுத்ததோ?"

மரத்தைப் பற்றி நான் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. உடனே போன் எடுத்தேன். கனடாவில் இருந்தார். அந்த வளவு முன்பு அவருடையது; ஆள் மூலம் விற்றவரும் அவர்தான். ஊரில் பள்ளிக்கூட உடுப்பும் திருவிழாச் சட்டையும் தைத்துக் கொடுத்தவர். சண்டைக்குப் பயந்து தீவுப்பகுதிச் சனம் எல்லாம் வெளிக்கிட்ட நாளில் அவரும் வெளிக்கிட்டிருக்கிறார்.

"சட்டி பானையைத் தூக்கலாம். மெசினைத் தூக்க ஏலுமே பிள்ளை? ஓடம் இல்லாட்டி அது வெறும் இரும்பு. ஆர் எடுத்துக்கொண்டு போனாலும் தைக்க ஏலாமல் திருப்பிக் கொண்டுவந்து வச்சிடுவினம் எண்டு நினைச்சன். கழட்டி, எண்ணெய்த் துணியில சுத்தி, பற்பொடித் தகரத்துக்குள்ள போட்டு, மரத்தடியில தாட்டனான். ஒரு கிழமையில வாறதுதானே எண்டு."

"கையோட கொண்டு போயிருக்கலாமே அன்ரி?"

"வழியில துலைச்சிடுவன் எண்டு பயம். மண்ணுக்குள்ள இருந்தா துலையாது எண்டு நினைச்சன்."

அன்றே அந்தப் படிவத்தை எடுத்தேன். தொலைந்தது என்பதை வெட்டிவிட்டு, பக்கத்தில் கையால் எழுதினேன்: வைக்கப்பட்டது. தகரமும் துணியும் ஓரத்தில் ஏறின. அதோடு நிற்க முடியவில்லை. பழைய படிவங்கள் முழுவதையும் எடுத்து மேசையில் பரப்பினேன். கிணற்றுக் கட்டின் கீழிருந்து எடுத்த பூட்டு. வேலிக் கதியாலின் அடியில் இருந்த மூன்று திறப்புகள், ஒரே வளையத்தில். அல்லைப்பிட்டியில் ஒருவர் கொண்டுவந்த மாதா மெடல். சிரட்டைக்குள் இருந்தது என்று அவர் சொன்னதைக்கூட எழுதியிருந்தேன். அதற்கும் தொலைந்தது என்றுதான் அடையாளம். சிரட்டைக்குள் ஒரு மெடல் தானாகப் போய்த் தொலையுமா என்று நான் யோசித்ததே இல்லை. கையிலிருந்து தவறி விழுந்ததும், திரும்பி வருவேன் என்று ஒருவர் குனிந்து வைத்ததும் மண்ணுக்குள் ஒரே மாதிரித்தான் துருப்பிடிக்கின்றன. வித்தியாசம் சுற்றிவர இருப்பதில்தான் தெரியும். அதைத்தான் நான் இத்தனை நாளும் எழுதாமல் விட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த அக்கா வந்தார். இந்தமுறை கையில் ஒன்றும் இல்லை.

"பேர் போடமாட்டன் எண்டு சொன்னனீர்."

"போடேல்லை அக்கா."

"கிணத்தடியைப் போட்டனீர். ஊர்ச்சனத்துக்கு அது பேரிலும் பாக்கப் பெரிசு. பழைய காணிக்காரி உம்மோட கதைச்சவவாம். ஊர் முழுக்கத் தெரியும்."

"அவ நல்லாத்தான் கதைச்சவ. உறுதி உங்கட பேரிலதானே இருக்கு அக்கா?"

"உறுதி கடுதாசியில கிடக்கு. அவ தேசிமரத்தைச் சொல்லுறா. அவ வந்து நிண்டு இது என்ர வளவு எண்டு அழுதா, நான் எந்தக் கடுதாசியைக் காட்டுறது?"

பிழை என்னுடையது என்றேன். குழுவில் போட்டதை அவர் முன்னாலேயே அழித்தேன். எல்லோரும் பார்த்து முடிந்தபிறகு அழிப்பதில் என்ன இருக்கிறது? அவர் எழும்பிப் போய்விட்டார்.

நயினாதீவுத் திருவிழாவுக்குக் கனடா அன்ரி வந்தார். யாழ்ப்பாணத்தில் இறங்கியதுமே எனக்கு எடுத்தார். அந்த வளவைப் பார்க்க விருப்பம், ஆனால் கேட்காமல் வாசலில் போய் நிற்கமாட்டேன், நீ கேட்டுச் சொல் என்றார். நான் போய்க் கேட்டேன். அக்கா வேண்டாம் என்றார். மறுபடி போகவில்லை. நாலாம் நாள் அவராகவே போன் எடுத்து, "வரச்சொல்லும். ஆனா நீரும் கூட வாரும்," என்றார்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு வள்ளத்தில் வந்த அன்ரியைக் குறிகட்டுவான் துறையில் சந்தித்து ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். படலையடியில் அக்கா நின்றார், ஒரு கை படலையின் மேல். அன்ரி இறங்கி, உள்ளே எட்டிப் பார்க்காமல், அவருடைய முகத்தை மட்டும் பார்த்தார்.

"தங்கச்சி, உங்கட வளவுக்குள்ள நான் ஒருக்கா வரலாமோ?"

அக்காவின் கை படலையிலிருந்து இறங்கியதைக் கண்டேன்.

"வாங்கோ அக்கா," என்றார்.

தேசிமரத்தைப் பார்த்ததும் அன்ரி, இது தான் வைத்த மரமில்லை என்றார். அந்த மரம் பட்டுப்போன பிறகு அதன் அடியால் வந்ததுதான் என்றார் அக்கா. இருவரும் அதில் கொஞ்ச நேரம் இழுபட்டார்கள். பிறகு கிணற்றடிக்குப் போனோம். மெசினின் இரும்புக் கால் அங்கே நின்றது, மேலே தோய்க்கிற கல். அன்ரி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "உயரம் சரியோ?" என்று கேட்டார்.

"நல்ல உயரம். குனியத் தேவையில்லை. எனக்கு நாரி நோ."

"எனக்கும்தான். அப்பவே இருந்தது."

குசினியில் தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா அலுமாரியிலிருந்து ஓடத்தை எடுத்து வந்தார். மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

"நீங்கள் எடுத்தது, நீங்களே வச்சிருங்கோ," என்றார் அன்ரி.

"எனக்கு வேண்டாம் அக்கா. நாலு மாசம் அது எனக்குச் சன்னமா இருந்தது. இப்ப ஓடம் எண்டு தெரியும். ஆனா அலுமாரியைத் திறந்து அதைக் காணேக்க நெஞ்சு முதல் அடிக்குது, பிறகுதான் ஓடம் எண்டு ஞாபகம் வருது. உங்களுக்கு அது எப்பவும் ஓடம்தானே. நீங்கள் கொண்டு போங்கோ."

அன்ரி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. திடீரென்று நிமிர்ந்து, "உதைப் பிளேனில விடுவினமோ?" என்று கேட்டார். அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் அக்காதான்.

அந்தக் கிழமையே படிவத்தின் பிரதி ஒன்றைப் படத்தோடு தயார் செய்தேன். ஆங்கிலத்தில் நான் எழுதினேன். சிங்களத்தில் எழுத வாசிகசாலை அண்ணை ஒரு பின்னேரம் முழுக்க இருந்தார்; காலியில் பழகிய சிங்களம், எழுத்து கொஞ்சம் மறந்துவிட்டது என்று வெட்டி வெட்டி எழுதினார். இது தையல் மெசினின் ஓடம், இன்ன அளவு, இன்ன நிறை, இன்ன இடத்தில் எடுத்தது, எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்கப்பட்டது, உரியவரிடம் கொடுக்கப்பட்டது. நான் தயாரித்த ஆயிரத்துச் சொச்சம் பதிவுகளில், ஒருவர் பையில் வைத்து மடித்துக்கொண்டு போன முதல் பதிவு அதுதான்.

இரண்டு கிழமை கழித்து அன்ரியின் குரல்பதிவு வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கைப்பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு இளம் அதிகாரி ஓடத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அன்ரி கடுதாசியை நீட்டியிருக்கிறார். அவர் அண்ணையின் சிங்களத்தை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, "யார் வைத்தது?" என்று சிங்களத்தில், கைச்சாடையோடு கேட்டாராம்.

"நான்தான் எண்டு நெஞ்சில கையை வச்சுக் காட்டினன் பிள்ளை," என்றது குரல். "அவன் அதைத் திருப்பி அந்தக் கடுதாசியிலேயே சுத்தி, என்ர கையில தந்தவன்."