வெண்கல மணியின் வெடிப்பு

எங்கள் மகளிர் கல்லூரியின் வெண்கல மணியைப் பற்றி, ரொறன்ரோவில் வெளிவந்த பழைய மாணவியர் நினைவிதழில் பிழையான வரியொன்று அச்சேறியிருக்கிறது; அப்பிழைக்குக் காரணம் நானேயாதலின், இதனை எழுதிவைப்பது என் கடமையாயிற்று.

புளியின் நெடி இன்றும் என் விரல்களில் நிற்பதுபோலத் தோன்றும். யாழ்ப்பாணத்தில், கல்லூரி என்று பெயர்கொண்ட அப்பள்ளியில் நாங்கள் பயின்ற காலத்தில், கல்லூரி நிறுவிய நாளுக்கு முதல்நாள், முன்மண்டபத்தில் தொங்கிய அம்மணியை இறக்கிப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, மாணவியர் இருவர் சுமந்துசென்று மீண்டும் கொளுவக் கொடுப்பது வழக்கம். அதனை "மணிக்கு முழுக்கு" என்போம். என் பதினோராம் அகவையில் அப்பேறு எனக்கும், விடுதியில் தங்கிப் படித்த பரிமளத்துக்கும் வாய்த்தது. படிக்கட்டில் ஏறுகையில், புளி வழுக்கிய என் கை விட்டுவிட்டது. பரிமளம் விடவில்லை; மணியின் பாரம் அவளையும் இழுத்து வீழ்த்தியது. ஓசை கேட்டு ஓடிவந்தோர் கண்டது, முழங்காலில் குருதி வழிய, மணியைப் பற்றியபடி கிடந்த அவளைத்தான்.

"ஆர் கையை விட்டது?" என்று தலைமை ஆசிரியை அதட்டினார். நான் புளி படிந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பரிமளம் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள். அடுத்த பள்ளித் தவணைக்கு அவள் திரும்பவில்லை; விடுதியில் அவளுடைய கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. அவ்வீழ்ச்சியில் விளிம்பு வெடித்த மணியோ, நான் கல்லூரியை விட்டு நீங்கும்வரை கம்மிய குரலிலேயே ஒலித்தது.

தொண்ணூறுகளில், போர் ஊரையே பெயர்த்தெறிந்த பின்னர், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடி வீட்டில், வாயிலில் பனிச்சப்பாத்துகள் குவிந்திருக்க, நாங்கள் சிலர் கூடியமர்ந்து, நினைவிதழுக்காகக் கல்லூரியின் அரும்பொருள்களை நினைவிலிருந்து பட்டியலிட்டோம். மண்டபத்தின் கூரை போயிற்று. நிறுவுநரின் படம் எரிந்தது. மணி எங்கென்று எவரும் அறியார்.

"மணி வெடிச்சது ஷெல் பட்டுத்தானே, அன்ரி?" என்று, பட்டியலை எழுதிய இளையவள் சுகந்தி என்னிடம் கேட்டாள்.

"உனக்கென்னடி தெரியும்? உது எங்கட காலத்திலையே வெடிச்சிட்டுது" என்று என் வகுப்புத் தோழி கமலா சிரித்தாள். "பரிமளம் போட்டு உடைச்சவள். போகுமட்டும் அவளுக்கு 'மணியுடைச்சாள்' எண்டுதான் பேர்."

"அவ இப்ப எங்கை இருக்கிறா?"

"போன வருசம் இடம்பெயரேக்கை வழியிலையே செத்துப்போனாளாம்."

சிரிப்பு அடங்கிற்று. சுகந்தி பேனையை உயர்த்தியபடி என்னைப் பார்த்தாள்.

"அப்ப அப்பிடியே எழுதட்டோ, அன்ரி?"

"ஓம்" என்றேன்.

இன்று கமலாவும் இல்லை. அம்மணியின் ஓசையைக் கேட்ட செவிகள் அருகிவிட்டன. கல்லூரியின் ஏடுகள் யாவும் எரிந்துபோனமையால், பரிமளம் அங்கே பயின்றாள் என்பதற்கு மணியை உடைத்தவள் அவள் என்னும் அந்த ஒரு வரியைத் தவிர வேறு சான்றில்லை.

நாளிலோ அகவையிலோ என் நினைவு தவறியிருப்பின், அறிந்தோர் திருத்துக. நினைவிதழை வைத்திருப்போர், அவ்வரிக்குக் கீழே, கையை விட்டவள் நான் என்பதையும், விடாதிருந்தவள் பரிமளம் என்பதையும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.