சென்டிமீட்டருக்கு ஒரு சண்டை

பிள்ளையின் எடை குறைவு என்று சொன்னால் பெற்றவர்கள் கவலைப்படுவார்கள். உயரம் குறைவு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நான் உயரம் அளப்பவள். மலாக்காவில் ஓர் அரசாங்கக் கிளினிக்கில், தாய் சேய் பிரிவில் தாதி. எங்களுக்கு ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் அடுக்குமாடி வீடுகள். தோட்டத்தை விட்டு வந்தவர்கள்தான் அந்த வீடுகளில் குடியிருந்துகொண்டு பக்கத்தில் இருக்கும் குருபோங் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். இரு பக்கத்தாருக்கும் நான் 'மிஸ்ஸி'.

முதல் இரண்டு வருடத்தில் ஒரு பிள்ளைக்குச் சரியான சாப்பாடு கிடைக்காவிட்டால் அது வளராமல் நின்றுவிடும். உயரம் மட்டும் என்றால் பரவாயில்லை, படிப்பும் நோயைத் தாங்கும் தெம்பும் அதோடு சேர்ந்து அடிபடும். இதை நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறேன். ஒரே விஷயத்தை ஓயாமல் சொல்லி, ஓயாமல் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலையில் இருக்கும் ஆசிரியர்களே, கவுண்டரில் உட்கார்ந்து பதில் சொல்பவர்களே, உங்களுக்கு என்னைப் புரியும்.

பலகையின் நீளம்

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை நிற்கவைத்து அளப்பதில்லை. பலகையில் படுக்கவைத்து, என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா, காக் ரோஹானி, தலையைப் பிடித்துக்கொள்வார். நான் முழங்காலை அழுத்தி, பாதத்தில் தட்டை முட்டவைத்து எண்ணைப் பார்ப்பேன். பிள்ளை வீறிடும். கூட வந்தவர்கள் என்னைக் கொலைகாரியைப் போலப் பார்ப்பார்கள். தர்ஷினி எனக்கு அப்படித்தான் அறிமுகமானாள். பதினான்கு மாதம். கன்னம் இரண்டும் உப்பி, பார்த்தால் கிள்ளத் தோன்றும். நீளம் மட்டும் ஒன்பது மாதப் பிள்ளையுடையது.

அம்மா கோமதி தொழிற்சாலைக்குப் போய்விட்டதால் அப்பா சேகர்தான் தூக்கி வந்திருந்தார். லாரி ஓட்டுபவர். "எங்க குடும்பமே கட்டைதான் மிஸ்ஸி, பரம்பரை" என்றார். எங்கள் கதவில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து உள்ளே வந்த மனிதர் அவர். நான் கதவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பழியை வேறு இடத்தில் போட்டார்.

"உங்க பலகை ரொம்ப நீளம் மிஸ்ஸி. அதுல யாரைப் படுக்கப் போட்டாலும் சின்னதாத்தான் தெரிவாங்க லா."

மாட்டுப் படம்

தர்ஷினியைப் பகலில் வைத்திருப்பவர் அதே அடுக்குமாடியின் கீழ் வீட்டு ராசாத்தி அக்கா. ஐந்து பிள்ளைகளை ஜாகா பண்ணுகிறார், அதாவது கூலிக்குப் பார்த்துக்கொள்கிறார். என்னதான் கொடுக்கிறார் என்று பார்க்கப் போனேன். ஐந்து பிள்ளைகளும் வரிசையாகப் படுத்து, ஆளுக்கொரு பாட்டிலை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு அமைதியான வீட்டை நான் பார்த்ததில்லை. பாட்டிலில் இருந்தது சுடுதண்ணீரில் கரைத்த டின் கிரீமர். கடையில் தேத்தண்ணிக்கு ஊற்றுவார்களே, அந்த இனிப்பு. அதில் பாலை விடச் சீனிதான் அதிகம். தர்ஷினியின் கன்னம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

டின்னைத் திருப்பி, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று மலாயில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருந்ததைக் காட்டினேன். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு டின்னை முன்பக்கம் திருப்பி என்னிடம் காட்டினார். பச்சைப் புல்வெளியில் கொழுத்த மாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"எழுத்து பொடிசா இருக்கு, மாடு பெருசா இருக்கு. நான் மாட்டைத்தான் நம்புவேன் மிஸ்ஸி."

தாளில் இருந்த மீன்

அடுத்த மாதம் கோமதி லீவு நாளில் தானே வந்தாள். இருபத்தாறு வயது. தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள், துவைக்க நேரம் கிடைக்காதவர்கள் அப்படித்தான் வருவார்கள். நான் மேலிடத்திலிருந்து வந்த பளபளப்பான தாளை எடுத்து, பிள்ளைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று படித்துக்காட்டினேன். சால்மன் மீன், புரோக்கோலி, அவகாடோ, நீல நிறத்தில் ஒரு பழம். படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வாயெல்லாம் பச்சையாகச் சிரித்தது.

படித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இந்தத் தாளை நான் பல வருடமாகக் கொடுக்கிறேன். நானே அந்த மீனை வாங்கியதில்லை. பேனாவை எடுத்து எல்லாவற்றையும் அடித்தேன். முட்டை, நெத்திலி, மலிவாகக் கிடைக்கும் கெம்போங் மீன், பருப்பு, கீரை, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். கோமதி வாங்கிப் பார்த்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஆறாவது மாசம் ஊசி போட வந்தப்பவே இங்க இந்தத் தாளைக் கொடுத்தாங்க மிஸ்ஸி. கடையில அந்த மீனோட விலையைப் பாத்துட்டு, நம்மால முடியாதுன்னு பிஸ்கட் வாங்கிட்டேன்."

சுருங்கிய பிள்ளைகள்

ஒரு மாதம் எங்கள் கிளினிக்கில் எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்தார்கள். போன மாதம் வரை அசையாதவர்கள்கூட மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தார்கள். மேலிடத்து ஆபிசிலிருந்து பாராட்டு வந்தது. காக் ரோஹானி கேக் வாங்கி வந்தார். எனக்குத்தான் அந்தக் கேக் இறங்கவில்லை. பலகையைக் கவிழ்த்துப் பார்த்தால், தலைப்பக்கத் தட்டு ஸ்குரூ தளர்ந்து உள்பக்கமாக நகர்ந்து வந்திருந்தது. வளர்ந்தது எண் மட்டும்தான்.

முடுக்கிவிட்டு எல்லாரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தோம். பிள்ளைகள் பழைய நீளத்துக்கே வந்துசேர்ந்தார்கள். நேர்மையாகக் கடிதம் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஆபிசிலிருந்து ஓர் அதிகாரி போனில் கூப்பிட்டார். குரலில் வருத்தம் தெரிந்தது. பலகையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அறிக்கை மேலே போயாச்சு மிஸ்ஸி. அந்த ஸ்குரூவை அடுத்த வருஷம் முடுக்கியிருக்கக் கூடாதா?"

உயரம் வளர்க்கும் பவுடர்

எங்கள் காத்திருக்கும் இடத்தில் ஓர் அம்மாள் வந்து உட்கார ஆரம்பித்தார். கையில் பிள்ளை இல்லை, பெரிய பை இருந்தது. நான் பிள்ளையை அளந்து அனுப்பும் தாய்மார் வெளியே போனதும் அவர் பின்னாலேயே போவார். உயரம் வளர்க்கும் பவுடர், நேரடி விற்பனை. வெளியே போகச் சொன்னதற்கு, "நீங்க நோயைச் சொல்றீங்க, நான் மருந்தைச் சொல்றேன், ஒரே சேவைதானே" என்றார். காவலாளியைக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

ஆனால் அதற்குள் சேகர் இரண்டு டின் வாங்கிவிட்டிருந்தார். முட்டை வாங்கச் சொன்னதற்கு விலையைச் சொல்லி முகம் சுளித்தவர், பவுடருக்குச் சுளிக்கவில்லை. டின்னில் தங்க நிறத்தில் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. அடுத்த முறை தர்ஷினியை அளந்தபோது அரை சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. பவுடரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று கேட்டேன், சும்மா ஒரு ஆத்திரத்தில். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளை துப்பிருச்சு மிஸ்ஸி. வீணாக்கக் கூடாதேன்னு நான்தான் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு குடிச்சேன்."

படத்துக்கு ஏற்ற பிள்ளை

ஒரு பெரிய மனிதர் எங்கள் வட்டாரத்துக்கு உணவுக்கூடை கொடுக்க வந்தார். பேனரில் அவர் முகம் கூடையைவிடப் பெரிது. கூடைக்குள் மீ நூடுல்ஸ் பாக்கெட், இனிப்பு பிஸ்கட், கலர் தண்ணீர்ப் பொடி, பிறகு நமது பழைய நண்பர், மாட்டுப் படம் போட்ட டின். முட்டை உடைந்துவிடும், அதனால் போடவில்லை என்று விளக்கம் சொன்னார்கள்.

மேடையில் தூக்கிவைத்துப் படம் எடுக்கச் சத்துக்குறைவான பிள்ளை ஒன்று வேண்டும் என்று அவருடைய உதவியாளர் கேட்டார். நான் தர்ஷினியைக் காட்டினேன். எங்கள் பட்டியலில் அவளைவிடப் பின்தங்கிய பிள்ளை எதுவும் அன்று வரவில்லை. கொழுகொழுவென்று இருந்தாலும் உள்ளே சத்தில்லை, வயதுக்கு எவ்வளவு குட்டை பாருங்கள் என்று விளக்கினேன். உதவியாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார், சந்தையில் கோழி பார்ப்பதுபோல. கோமதி பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"இது சரிவராது மிஸ்ஸி. கொஞ்சம் எலும்பு தெரியிற மாதிரி வேற ஏதாச்சும் இருக்கா?"

ஐந்து வேளை

அதற்குப் பிறகு கோமதி இரண்டு தவணை வரவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது நான் விட்டு விளாசினேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொடுக்கச் சொன்னேனா இல்லையா, கெட்டிக் கஞ்சி எங்கே, முட்டை எங்கே, பெற்றுவிட்டால் மட்டும் போதுமா என்று, வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. காக் ரோஹானி என் கையைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. ஆறு மாதமாகச் சேர்த்துவைத்தது எல்லாம் வந்தது. அதில் பாதி அந்த உதவியாளருக்குச் சேர வேண்டியது.

கோமதி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்கு என்றாள். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். திரும்பி வீட்டு வாசலை மிதிக்க இரவு எட்டு. வாரத்தில் ஒரு நாள் லீவு, அதுவும் ஓவர்டைம் இல்லாவிட்டால். வேலையை விட்டால் வீட்டு வாடகை இல்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"நான் வீட்ல இருக்கிற நேரமெல்லாம் அவ தூங்குறா மிஸ்ஸி. தூங்குற பிள்ளைக்கு எப்படி ஊட்டறதுன்னு உங்க தாள்ல எங்கயாச்சும் போட்டிருக்கா?"

ராசாத்தி அக்காவின் சட்டி

அன்று மத்தியானம்தான் எனக்குப் புரிந்தது. ஆறு மாதமாக நான் பேசியது எல்லாம் தப்பான ஆளிடம். பகல் முழுக்கப் பிள்ளை இருப்பது ராசாத்தி அக்காவிடம். அவரை நான் ஒரே ஒரு தடவை பார்த்து, டின்னைத் திருப்பிக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் அவர் கணவருக்கு மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஐந்து பாட்டிலும் அலம்பித் தயாராக இருந்தன.

அக்கா ஒளிவுமறைவில்லாமல் பேசினார். பாட்டில் என்றால் கையில் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். கெட்டிக் கஞ்சி என்றால் ஐந்து வாய்க்கும் உட்கார்ந்து ஊட்ட வேண்டும், துடைக்க வேண்டும், தரையைக் கழுவ வேண்டும். முட்டைக்கும் மீனுக்கும் யார் கொடுப்பது? எல்லாம் நியாயமான கேள்வி. நான் போய்ச் சொன்னதும் கோமதி மற்ற நாலு அம்மாமார்களிடமும் பேசினாள். ஆளுக்கொரு முட்டையோ ஒரு துண்டு மீனோ காலையில் டப்பாவில் வரும் என்று முடிவானது. ஒரு வீட்டிலிருந்து சாசேஜ் வந்தது. சேகர் ஒரு நாள் கடையில் காரமான மீ கோரெங் நூடுல்ஸைத் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டி அனுப்பினார். திருப்பி அனுப்பினோம். நான் வாரத்தில் இரண்டு நாள் என் சாப்பாட்டு நேரத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து ஊட்டினேன். முதல் வாரம் கஞ்சியில் பாதி என் யூனிஃபார்மில்தான் இருந்தது. தர்ஷினி நெத்திலியைக் கண்டுபிடித்துத் துப்புவதில் கெட்டிக்காரியாக இருந்தாள். அக்கா அதைப் பொடித்துப் பருப்போடு கலக்க ஆரம்பித்த பிறகு தோற்றுப்போனாள்.

மூன்று மாதம் கழித்துப் பலகையில் போட்டோம். அவள் என் கையை உதைத்த உதையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு தடவை அளந்தேன். நம்பாமல் ஸ்குரூவைப் பார்த்துவிட்டு, காக் ரோஹானியை அளக்கச் சொன்னேன். அதே எண்தான். வளர்ச்சிப் புத்தகத்தில் படுத்தே கிடந்த கோடு மேலே திரும்பியிருந்தது. இருக்க வேண்டிய இடத்துக்கு இன்னும் வரவில்லை. இழந்ததில் கொஞ்சம் திரும்பவே வராமல் போகலாம் என்பதையும் கோமதியிடம் மறைக்கவில்லை. அவள் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தாள். மறுபடி எடுத்து அந்தப் புள்ளியைப் பார்த்தாள். "மேலதானே போகுது மிஸ்ஸி?" என்று கேட்டாள். மேலதான் என்றேன்.

சாயங்காலம் ராசாத்தி அக்காவிடம் சொல்லப் போனேன். என் கிளினிக்குக்கு இது நல்ல பெயர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஊட்டுனது நான், கழுவுனது நான். பேர் மட்டும் கிளினிக்குக்கா? இருக்கட்டும், நாளைக்கு வரும்போது ரெண்டு துணி கொண்டாங்க, வாய் துடைக்க."

இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: பிள்ளைகளை அளக்க, படம் பிடிக்க, அறிக்கை எழுத, பவுடர் விற்க எங்கள் வட்டாரத்தில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை, தரையில் உட்கார்ந்து ஊட்டுவதற்குத்தான் தேட வேண்டியிருக்கிறது.