பழவேற்காட்டுக்குக் கொண்டுபோன மாதிரித் துணி

தை மாதம், வாடைக்காற்று ஓயாத ஒரு விடியற்காலையில் சுண்ணாம்புக்குளத்துக் கரையில் தோணி ஏறினேன். பழவேற்காட்டுக்கு ஏரி வழியே அரை நாள் பயணம். ஆளுக்கு இரண்டு காசு. கைக்குழந்தைக்குக் கூலி இல்லை. துணியில் சித்திரம் எழுதும் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே போனதில்லை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

போயிருக்க வேண்டியவர் என் கணவர். துணி அலசும் படியில் வழுக்கி விழுந்து, கால் வீங்கிக் கிடந்தார். மகனுக்கு ஆறு மாதம், பால் குடிக்கிறவன், விட்டுப்போக முடியாது. தூக்கிப்போகவும் பயம். பஞ்ச காலத்தில் அந்தக் கரையிலிருந்து பிள்ளைகளைக் கப்பலேற்றி விற்றதை எங்கள் பக்கத்தில் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள்.

மூட்டையில் ஒரே ஒரு துணி இருந்தது. அதுவரை நாங்கள் தரகர் கொடுக்கும் மாதிரியைத்தான் எழுதிவந்தோம். துளையிட்ட காகிதத்தை விரித்துக் கரித்தூள் தட்டினால் புள்ளி விழும்; அதன்மேல் கோடு இழுக்க வேண்டும். இந்தத் துணிக்குப் புள்ளியே இல்லை. ஏரியில் நிற்கும் பூநாரைகளை நானாகவே எழுதியிருந்தேன். துணி வாங்கிக் கப்பலேற்றும் ஒல்லாந்த வெள்ளைக்காரர்களின் கிடங்கில் ஏற்றுக்கொண்டால் இனி எங்கள் கோடுகளையே எழுதலாம். மறுத்தால், தரகரைத் தாண்டிப் போன குற்றத்துக்கு இருக்கிற வேலையும் போய்விடும். கணவர் "போய்ட்டு வா" என்றார். அவர் சொன்னதற்காகப் போனேனா, என் ஆசைக்காகவா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

பொழுது ஏற ஏறக் காற்று வலுத்தது. தண்ணீர் தோணிக்குள் தெறித்தது.

"இன்னாம்மா, கண்ண மூடிக்கினே கீற?" என்றாள் தோணிக்காரரின் மனைவி எல்லம்மா. "முட்டியளவு தண்ணிதான். வுழுந்தா நடந்தே போயிடலாம்."

"சேத்துல கால் மாட்டாத வரைக்கும்" என்றார் அவள் கணவர், பாயைப் பிடித்தபடி.

"நீ சும்மா கெட. பச்சப் புள்ளக்காரியாண்ட பேசற பேச்சா?"

நான் கண்ணைத் திறந்தபோது மகன் மூட்டையிலிருந்து துணியின் ஒரு முனையை இழுத்துச் சப்பிக்கொண்டிருந்தான். சாயம் பரவாமலிருக்க, எழுதுவதற்கு முன் துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்போம். எத்தனை முறை வெளுத்தாலும் அந்த வாடை கொஞ்சம் நிற்கும். அதைத் தேடித்தான் போயிருக்கிறான். அவன் உதடு சிவந்திருந்தது.

சாயம் போய்விட்டது என்று நினைத்தேன். சாயவேரில் இன்னும் ஒரு கொதி விட்டிருக்கலாமோ? அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டேனோ?

எல்லம்மா முந்தானையை நனைத்து அவன் வாயைத் துடைத்து, ஈறை விரலால் தடவினாள். "ரத்தம்மா இது. பல்லு மொளைக்குது, துணி ஓரம் கீறிக்கிச்சு."

ரத்தம்தான் என்று கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. அடுத்த கணமே அந்த நிம்மதிக்கு வெட்கி அவனை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

உச்சி வேளைக்குக் கரை சேர்ந்தோம். மீன் காயும் மணலைத் தாண்டினால் செங்கல் கோட்டை. முகத்துவாரத்துக்கு அப்பால் கடலில் மூன்று கப்பல்கள். நான் மகனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். எல்லம்மா கிடங்கு வாசல்வரை கூடவே வந்தாள்.

உள்ளே நீண்ட மேசைக்குப் பின்னால் சரக்கு பார்க்கும் ஒல்லாந்தர், பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி. பூநாரைகளை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு மகன் சப்பிய முனையைக் கண்டு, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். கைக்குட்டையில் இளஞ்சிவப்பு ஏறியது.

"சாயம் நிக்கலையாம். எடுத்துனு போம்மா" என்றார் துபாஷி.

பிள்ளையின் ரத்தம் என்று சொன்னால் எச்சில் துணியைக் கொண்டுவந்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் சாயம் காய்ச்சத் தெரியாதவள். துணியின் மறுமுனையை எடுத்து, எல்லோர் முன்பும் என் வாயில் வைத்துச் சப்பினேன். பிறகு அவர் கைக்குட்டையை வாங்கி, அதன் சுத்தமான பக்கத்தில் என் பலமெல்லாம் கொண்டு தேய்த்தேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"அங்க இருக்கிறது எம் புள்ள ரத்தம். பல்லு மொளைக்குது" என்றேன்.

துபாஷி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அவர் மொழியில் அப்படியே சொன்னார். ஒல்லாந்தர் எட்டி என் முந்தானைக்குள் இருந்த பிள்ளையைப் பார்த்தார். நான் இரண்டடி பின்வாங்கினேன். அவர் ஏதோ சொல்லித் துணியை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"கப்பல்ல அனுப்பிப் பாப்பாராம். அங்க யாருக்காவது புடிச்சா கப்பல் திரும்பி வர்ற அடுத்த காத்துக்குச் சேதி வரும். அதுவரைக்கும் தரகர் வேலைக்குப் பங்கம் வராதுன்னாரு" என்றார் துபாஷி.

அன்றிரவு எல்லம்மாவின் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் எதிர்க்காற்றில் கோல் ஊன்றித் திரும்பினோம். பழவேற்காட்டில் தெருவெல்லாம் அயல்நாட்டுப் பேச்சு, பெரிய கதவுகள். எங்கள் ஊரில் கதவே இல்லாத கொட்டகையில் எழுதுகிறோம். ஆனால் எழுதியது கண்ணெதிரே காயும்.

வாசலிலேயே கணவர் கேட்டார், "இன்னா சொன்னாங்க?"

"பாப்பாங்களாம்."

"யாரு?"

கடலுக்கு அப்பால் யார் பார்ப்பார்களோ, நானும் அறியேன். அந்தப் பறவைகளுக்கு வேறு பிரதி கிடையாது. இருந்த ஒன்றும் போய்விட்டது. கை மறந்துவிடுமோ என்ற பயத்தில், மகனை இடுப்பிலிருந்து இறக்காமலே கரித்துண்டைத் தேடி எடுத்தேன்.