சித்திரை வெயிலில் அம்மா கேட்ட போர்வை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எந்தத் தாள் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். 2006 சித்திரையில் அம்மாவின் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9. பக்கத்தில், அளவு மீறியது என்று ஒரு நட்சத்திரக் குறி.

"கிட்னில பிரச்சினை இருக்கலாம். ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தரப் பாத்துடுங்க" என்றார் தாம்பரத்து டாக்டரம்மா. டயாலிசிஸ் வரை போய்விடுமோ என்று பயந்தேன்.

படப்பையில் தையல் கடை வைத்திருக்கும் என் தகப்பனார், அத்தா, அழுதார். "என் கிட்னிய எடுத்துக்கச் சொல்லுடா."

"பீடி புடிச்ச கிட்னி யாருக்கு வோணும்? சும்மா இருங்க" என்றார் அம்மா. கொஞ்ச நாளாகவே அம்மாவின் குரல் கரகரத்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பிற்பகல் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். குணமாக்கு என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். வாயில் வந்தது வேறு. "யா அல்லாஹ், ஏன் இப்படி ஆனது? எனக்கு விளங்க வை."

வீட்டுக்கு வந்தேன். வெளியே தார் உருகுகிற வெயில். அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டு, இன்னொரு போர்வை கேட்டார்.

"இன்னாம்மா, ஜொரமா?"

"ஜொரம்லாம் இல்லடா. குளுருது. ரம்ஜான் முடிஞ்சதுலேர்ந்தே இப்டித்தான் கீது."

ரம்ஜானிலிருந்தா? ஏன்? அந்த ஏன் என்னை விடவில்லை. அம்மாவின் மாத்திரைகள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். தைராய்டு சுரப்புக் குறைவுக்கு அம்மா தினமும் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை, பிரிக்காத அட்டைகளாக அப்படியே இருந்தது.

"நோன்பு வச்சிக்கினு காலைல எப்டிடா முழுங்குறது? பெருநாளுக்கு அப்பாலயும் நல்லாத்தானே கீறோம்னு வுட்டுட்டேன்."

"மாத்திரை ஒழுங்கா போட்றீங்களான்னு டாக்டர் கேட்டாங்களேம்மா!"

"ஒன்னியத்தானே கேட்டாங்க? நீதான் டெய்லி போட்றாங்க மேடம்னு இங்கிலீஷ்ல சொன்னே."

உண்மை. எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொல்லியிருந்தேன். படித்தவன் அல்லவா!

அட்டைகளோடு ஓடினோம். டாக்டரம்மா திட்டவில்லை. தைராய்டு மிகவும் குறைந்தால் உடம்பு குளிரும், குரல் கரகரக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டமும் மந்தமாகும், வடிகட்டும் வேலை தளரும், சிறுநீரகம் கெடாமலேயே கிரியாட்டினின் ஏறலாம் என்று விளக்கினார். எனக்கு ஆச்சரியம். கழுத்தில் இருக்கும் ஒரு சின்னச் சுரப்பியா இடுப்புவரை வேலை வாங்குகிறது!

"இப்பவே உறுதியா சொல்ல முடியாது. மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சுட்டு டெஸ்ட் எடுத்துப் பாப்போம்" என்றார். தைராய்டு பரிசோதனையும் அவர் சந்தேகப்பட்டபடியே வந்தது.

மூன்று மாதம். ஒவ்வொரு அஸருக்குப் பிறகும் கையேந்தி அதே துஆ. ஆடியில் வந்த தாளில் கிரியாட்டினின் 1.0. அத்தா அப்படியே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்தார். அம்மா, "ஃபேன அஞ்சுல வைடா, வேகுது" என்றார். அல்ஹம்துலில்லாஹ்! அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை.

அடுத்த நோன்பில், டாக்டரம்மா சொன்னபடி, விடியலுக்கு முன் சஹர் உணவுக்கு எழுந்ததும் முதல் வேலை மாத்திரைதான். இப்போதெல்லாம் டாக்டர் கேட்கும்போது நான் வாய் திறப்பதில்லை. அம்மாவே சொல்கிறார்.

கவலையோடு இதைப் படிக்கும் சகோதரரே, அல்லாஹ்விடம் தயங்காமல் கேளுங்கள். பதிலை அவன் உங்கள் வீட்டிலேயே, ஒரு போர்வைக்குள் வைத்திருக்கக்கூடும். ஏந்திய கையை இறக்கியதும், நோயில் படுத்திருப்பவரின் அருகில் போய் உட்கார்ந்து அங்கேயும் கேளுங்கள்.