பாதி ஓட்டத்தில் முருகன் என்னை உட்கார வைத்தான்

முருகனை நம்பி வாழும் உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பல மாதங்களாக மனது அடித்துக்கொள்கிறது. போன வருடம் மழைக்காலத்தில் என் தங்கை மலருக்கு மார்பில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அவளுக்குச் சின்னச் சின்னதாக இரண்டு பெண் பிள்ளைகள். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அன்று ஆஸ்பத்திரி வாசலில் எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை.

என் பெயர் செல்வி. அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி வேலைக்காகப் புனே வந்தவர். நான் புனேயிலேயே போசரியில் ஒரு கம்பெனியில் செய்து முடித்த பாகங்களை அளந்து பார்க்கும் வேலை செய்கிறேன். ஒன்றைப் பிடித்தால் விட மாட்டேன். வீட்டில் எனக்கு வைத்த பெயரே முரட்டுக் கழுதை.

முதலில் கொடுத்த கீமோவுக்குக் கட்டி அசையவில்லை. டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார். சில வருடங்களுக்கு முன்பு இந்த மருந்தே கிடையாது, ஆராய்ச்சி செய்துதான் கண்டுபிடித்தார்கள் என்றார். யாரோ முகம் தெரியாதவர்கள் கொடுத்த பணத்தில் நடந்த ஆராய்ச்சி இன்று என் தங்கையின் நரம்பில் இறங்குகிறது என்று நினைத்ததும் நான் அழுதுவிட்டேன். அந்தச் சமயத்தில்தான், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் மாரத்தானுக்கு எங்கள் கம்பெனி ஓட்டக் குழு பெயர் கொடுத்தது. நானும் கொடுத்தேன். நாற்பது வயதில் உனக்கு எதற்கு இது என்று கேட்டவர்களிடமும் விடாமல் நன்கொடை வாங்கினேன். மலரின் படத்தைச் சட்டையின் முதுகில் அச்சடித்துக்கொண்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். நின்றால் நான் செல்வி இல்லையே. கோயிலுக்குப் போய், ஓட்டம் முடியும்வரை உப்பைத் தொட மாட்டேன், என் தங்கையை மட்டும் விட்டுவிடு என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். மலரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் சண்டைக்கு வருவாள். நீண்ட ஓட்டத்தில் உப்பு கலந்த பானம் கட்டாயம் குடிக்க வேண்டும் என்று குழுவில் பயிற்சி கொடுப்பவர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் தலையை ஆட்டிவிட்டு, பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பிக்கொள்வேன்.

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே ஓட்டம் தொடங்கியது. பாதி தூரம் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறியதும் தண்ணீர் வைத்திருந்த ஒவ்வொரு மேஜையிலும் நின்று குடித்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் வீங்கின. மோதிரம் சதையில் புதைந்தது. தலை வெடிப்பதுபோல் வலித்தது. தாகத்தால்தான் இப்படி என்று இன்னும் தண்ணீர் குடித்தேன். குடித்ததையெல்லாம் ரோட்டோரம் வாந்தி எடுத்தேன். எடுத்துவிட்டு மறுபடியும் குடித்தேன். நின்றால் மலர் பிழைக்க மாட்டாள் என்று ஏதோ ஒன்று உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. கால் பின்னியது. யாரோ என் கையைப் பிடித்துப் பெயர் கேட்டார்கள். மலர் என்றேன். என் பெயர் எனக்கு வரவில்லை.

ரோட்டோர மருத்துவக் கூடாரத்தில் படுக்க வைத்தார்கள். ஊசியால் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயது மராத்திப் பெண் டாக்டர் ஹிந்தியில் கேள்வி மேல் கேள்வி கேட்டார். உடம்பில் உப்பு ரொம்ப இறங்கிவிட்டது, இனி ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது, இப்போது சரிசெய்யாவிட்டால் மூளை வீங்கி வலிப்பு வரும் என்றார். உப்புக் கரிக்கும் சூப்பைக் கப்பில் ஊற்றி வாயருகே கொண்டுவந்தார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன். விரதம் என்று மட்டும் சொன்னேன். அவர் திட்டினார், பிறகு கெஞ்சினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஆம்புலன்ஸை வரச் சொன்னார்.

அன்பர்களே, அந்த நேரத்தில் எனக்கு இருந்த பயம் சாவு பயம் இல்லை. இதைக் குடித்தால் என் கையாலேயே தங்கையைக் கொன்றவள் ஆவேன் என்ற பயம். குடிக்காவிட்டால் நான் போய்விடுவேன், அதன் பிறகு அவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம். கண்ணை மூடிக்கொண்டு, 'முருகா, எனக்கு ஒன்றும் புரியவில்லை, நீயே வந்து சொல்லு' என்று கதறினேன். சத்தம் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியாது.

"அக்கா" என்று ஒரு குரல்.

மலர் நின்றாள். தலையில் துணி, முகத்தில் மாஸ்க். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவு, கூட்டத்துக்கே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கோந்த்வாவில் அவள் வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் வந்திருந்தேன். அவள் புருஷன் ரவியை நச்சரித்து, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஓரமாக நிற்கலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பியிருக்கிறாள். அவர்கள் போக நினைத்த ரோட்டைப் போலீஸ் மூடிவிட்டு இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறது. கூடாரத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தவளின் முதுகில் தன் முகத்தையே பார்த்து ஓடி வந்திருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

டாக்டர் அவளிடம் ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னார். மலர் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"யாருக்கோசரம் வேண்டிகினே?"

"உனக்கோசரம்தான்டி."

"அப்போ இது எனக்கு வேணாம். முருகங்கிட்ட நான் சொல்லிக்கிறேன். உப்பு சாப்பிடாதேன்னு நான் கேட்டேனாக்கா? எனக்கு நீ வேணும். ஜல்தி குடி."

கப்பை வாங்கி அவளே என் வாயில் வைத்தாள். கீமோவால் நகமெல்லாம் கறுத்துப்போன கை அது. நான் குடித்தேன். அழுதுகொண்டே முழுவதையும் குடித்தேன். நீயே வந்து சொல்லு என்று கேட்டேன், வந்து சொல்லிவிட்டான். இதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது என் பெயரை நானே சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்தச் சூப் உள்ளே போக இன்னும் தாமதமாகியிருந்தால் கதை வேறு என்று அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். ஓட்டத்தை நான் முடிக்கவில்லை. மெடலும் இல்லை. நன்கொடைப் பணம் முழுதும் ஆராய்ச்சிக்குப் போய்ச் சேர்ந்தது, ஏன் முடிக்கவில்லை என்று கொடுத்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஸ்கேன் வரை எனக்குத் தூக்கமே இல்லை. விரதத்தை முறித்தவளாயிற்றே. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் சிரித்தார். கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்றார். தைப்பூசம் கழிந்து ஆபரேஷன் நடந்தது. வைத்தியம் இன்னும் முடியவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அவளைச் செக்கப்புக்குக் கூட்டிப் போகும்போது பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் மலர் இருக்கிறாள், பிள்ளைகளைத் திட்டுகிறாள், என்னையும் திட்டுகிறாள்.

இப்போதெல்லாம் நான் முருகனிடம் பேரம் பேசுவதில்லை. இது தேவை, கொடு என்று கேட்கிறேன். அவ்வளவுதான். இதைப் படிப்பவர்களில் யாராவது உங்கள் வீட்டு நோயாளிக்காக உங்கள் உடம்பை வருத்திக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்று அந்த நோயாளியிடமே போய்ச் சொல்லுங்கள். முருகனைக் கூப்பிடுங்கள், நிச்சயம் வருவான். வந்து அவன் சாப்பிடு என்று சொன்னால், மறுக்காமல் சாப்பிடுங்கள்.